கொலைகாரன் போட்ட தழை

சென்னப்பட்டணம்
1928 ஜனவரி 11

தவசி மச்சானுக்கு,

நீ காமிராப் பெட்டியோடு எழும்பூரில் ரயில் ஏறிய நாளிலிருந்து விடுதியில் என்னை யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன விடுவதில்லை. நம் கல்லூரிப் படச் சங்கத்துக்கு ஸ்டூடியோக்காரர்கள் இரவலாகக் கொடுத்த ஒரே காமிரா அது. அதை ஏலக்காய் மூட்டையோடு சேர்த்துக் கட்டி மாட்டு முதுகில் ஏற்றிவிடுவாய் என்று செயலாளர் என்னிடமே சொல்கிறார். பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப்போடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாவுக்கு ஸ்டூடியோ முதலாளி வருவது உறுதியாகிவிட்டது. நம் படத்தைப் பார்த்துவிட்டு மாணவர்களில் ஒருவனைத் தன்னிடம் வேலை பழக எடுத்துக்கொள்வாராம். ஒருவனைத்தான். அது நீதான் என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மாமா உனக்குக் கொடுத்திருக்கிற தவணையும் எனக்குத் தெரியும். இந்த இடம் கிடைத்தால் பட்டணம். கிடைக்காவிட்டால் பங்குனியிலிருந்து உங்கள் கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டைகளுக்குக் காவல். ஆகையால் நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள்.

கதை நாம் பேசியதுதான். மலையில் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்கு ஒருவன் தீ வைக்கிறான். அதைப் பார்த்துவிட்ட ஆள், போடிக்கு இறங்கிப் போய்ச் சாட்சி சொல்லக் கிளம்புகிறான். தீ வைத்தவன் அரிவாளோடு பின்னால் வருகிறான். அடிவாரத்து வீட்டில் சாட்சிக்காரனின் பெண்டாட்டி காத்திருக்கிறாள். பயம் கதையில் இல்லை மச்சான், வெட்டி ஒட்டுவதில்தான் இருக்கிறது. ஸ்டூடியோவில் கத்தரிக்கோல் பிடிப்பவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இரண்டு பேரையும் சேர்த்து எடுக்காதே. சாட்சிக்காரனைத் தனியாக எடு, கொலைகாரனைத் தனியாக எடு. ஆனால் படத்தில் இருவரும் இடமிருந்து வலமாகவே போக வேண்டும். ஒருவன் திரும்பிவிட்டால் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்பவர்கள்போல் ஆகிவிடும். தொடக்கத்தில் நீளமான துண்டுகளை வைப்பேன். போகப்போகக் குட்டையாக்கி மாற்றி மாற்றி ஒட்டுவேன். ஒருவன் கால், மற்றவன் கால், ஒருவன் முகம், அப்புறம் அரிவாள். துண்டு குறையக் குறையப் பார்ப்பவனுக்கு மூச்சு வாங்கும். நடுவில் பெண்டாட்டியைக் கொண்டுவரலாம். அவள் வாசலைப் பார்த்தால் போதும். அடுத்த துண்டாக அரிவாளை ஒட்டினால், அதைத்தான் அவள் பார்த்தாள் என்று சனங்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. கொலைகாரன் எந்த இடத்திலும் நிற்கவே கூடாது. எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதே. அவன் நின்றால் பயம் போச்சு.

கையில் இருக்கும் பிலிம் கொஞ்சம்தான். காமிராவின் கைப்பிடியைச் சீராகச் சுற்று. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

சுருளிவேல்


போடிநாயக்கனூர்
ஜனவரி 19

மாப்ளே,

காமிரா பத்திரமாக இருக்கிறது. நான்தான் இல்லை. முழங்கால் இரண்டும் சிராய்த்து, நடக்கும்போது வேட்டி ஒட்டுகிறது.

உன் கடுதாசியைக் குரங்கணிப் பாதையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து படித்தேன். மின்சார விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ‘இடமிருந்து வலம்’ என்று எழுதிவிட்டாய். மலைப்பாதை உன் பேச்சைக் கேட்குமா? பத்தடி போனால் ஒரு வளைவு. ஆள் நேரே போகிறேன் என்றாலும் பாதை அவனைத் திருப்பித் திருப்பி விடுகிறது. பள்ளத்துப் பக்கம் காமிரா முக்காலியை நிறுத்தி, என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை ஒரு மரத்தில் கட்டிக்கொண்டு எடுக்கிறேன். உனக்கு வேண்டிய வலப்பக்கம் அப்படித்தான் கிடைக்கிறது.

சாட்சிக்காரனாக வருகிறவர் மொக்கச்சாமி. எங்கள் கிட்டங்கியில் தராசு பிடிக்கிறாரே, அவர்தான். பயந்த முகம், நடிக்க வேண்டியதே இல்லை. கொலைகாரன் மலைச்சாமி. மலைக்கு அரிசி ஏற்றிப் போய் ஏலக்காய் இறக்கி வருகிற பொதிமாட்டுக்காரர். மீசையைப் பார்த்தாலே நீ ஒரு எட்டுத் தள்ளி நிற்பாய். கதையைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வெட்டணுமா தம்பி, வெட்டுற மாதிரி காட்டுனாப் போதுமா?” காட்டினால் போதும் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

பெண்டாட்டிக்குத்தான் ஆள் இல்லை. சிலமலையில் உன் சின்னம்மா சுருளியம்மாளிடம் கேட்டுப் பார்த்தேன். விளக்குமாறு எங்கே என்று தேடினார், நான் வந்துவிட்டேன். ஆகவே முகம் கிடையாது, கை மட்டும்தான். விளக்குத் திரியைத் தூண்டுகிற கை, கதவுத் தாழ்ப்பாளில் வைத்த கை. அது என் கைதான். மயிரை மழித்து, ஆத்தாவின் வளையலை மாட்டிக்கொண்டேன். கைப்பிடியை மொக்கச்சாமி சுற்றினார். ஆத்தா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிப் போனது.

அய்யா ஒரு நாள் வந்து பார்த்தார். இதுக்குத்தான் பட்டணத்துல படிப்பா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஆனால் மறுநாள் காலை மொக்கச்சாமி தராசைத் தொட்டதும், போய் நடிச்சிட்டு வாரும் என்று அவரே அனுப்பியிருக்கிறார். எனக்கு அது போதும் மாப்ளே. எனக்கு இந்த வேலை வேண்டும். ஏலக்காய் வாசனை பிடிக்காமல் இல்லை. அதிலேயே கிடந்து கிழவனாக மனசு வரவில்லை.

தவசி


போடிநாயக்கனூர்
ஜனவரி 29

மாப்ளே,

தகரப் பெட்டிகளை மதுரைக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து ரயில் பார்சலாக வரும். இருட்டறைக்கு வெளியே திறந்தால் உன் கையை ஒடிப்பேன். எல்லாம் நீ சொன்னபடியே எடுத்தாயிற்று. கடைசி நாள், வெட்டுகிற காட்சி எடுக்கும்போது மட்டும் மூடுபனி இறங்கிவிட்டது. ஆனாலும் சுற்றினேன். பிலிம் தீர்ந்தது.

பார்த்ததும் எழுது. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

தவசி


சென்னப்பட்டணம்
பிப்ரவரி 6

மச்சானுக்கு,

நேற்றுத் திரையில் போட்டுப் பார்த்தோம். நல்லதை முதலில் சொல்கிறேன். வெளிச்சம் அருமை. பள்ளத்து ஓரமாக மொக்கச்சாமி இறங்கி வருகிறபோது செயலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாளில் இருந்த கையைப் பார்த்து, யாரோ நல்ல குடும்பத்துப் பெண் என்றார். ஆமாம், ரொம்ப நல்ல குடும்பம் என்றேன்.

இனி என் வயிற்றெரிச்சல். கொலைகாரன் வளைவில் ஓடி வருகிறான். சரி. பாதையோரத்துத் தழைச்சாமிக் கல் வருகிறது. நிற்கிறான். அரிவாளைக் கக்கத்தில் இடுக்குகிறான். செருப்பைக் கழற்றுகிறான். ஓரத்துச் செடியில் ஒரு கொத்துத் தழை ஒடித்துக் கல்லுக்கு முன்னால் கிடக்கிற குவியலில் போடுகிறான். கண்ணை மூடிக் கும்பிடுகிறான். மறுபடி செருப்பை மாட்டுகிறான்; வார் சிக்கிக்கொள்கிறது; குனிந்து, சாவகாசமாகச் சரி செய்கிறான். அப்புறம் கொலை செய்யக் கிளம்புகிறான்!

இத்தனையையும் நீ விடாமல் எடுத்திருக்கிறாய். அந்த இடத்தில் படம் கொஞ்சம் ஆடுகிறது. நீயும் ஒரு கையால் கும்பிட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். மொக்கச்சாமியும் அதே கல்லில் நின்று தழை போடுகிறார். அவர் நின்றால் போகட்டும், அந்தத் துண்டின் தலைப்பக்கத்தை வெட்டிவிடலாம். கொலைகாரன் நிற்கலாமா? நான் உனக்கு எழுதியது ஒன்றே ஒன்று. அவன் நிற்கக் கூடாது.

நானும் சிலமலைக்காரன்தான் மச்சான். மலை ஏறும்போதெல்லாம் அந்தக் கல்லில் தழை போட்டவன்தான். ஆனால் பட்டணத்துச் சனங்களுக்கு என்ன தெரியும்? சிரித்துவிடுவார்கள். முதலாளியும் சிரிப்பார். பிறகு உன் இடம் என்ன ஆவது?

கடைசிச் சுருள் முழுக்க வெள்ளை. யார் யாரை வெட்டினார்கள் என்று அந்த மூடுபனிக்குத்தான் தெரியும். எப்படியாவது திரும்ப எடுக்க வழி பார்.

சுருளிவேல்


போடிநாயக்கனூர்
பிப்ரவரி 10

சுருளிவேலுக்கு,

நீ எழுதித்தான் மலைச்சாமி அங்கே நின்றார் என்பதே எனக்குத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த இடத்தில் நிற்காமல் எவன் போவான்? நின்றதை நான் பார்த்தேன், ஆனால் நிற்பதாகப் படவில்லை. நான் கும்பிட்டேனா என்று கேட்டிருக்கிறாய். கும்பிட்டிருப்பேன். ஞாபகம் இல்லை.

பிலிம் இல்லை என்று தெரிந்தும், உனக்காக மலைச்சாமியிடம் போய்க் கேட்டேன். ஒரே ஒரு தடவை தழை போடாமல் அந்தக் கல்லைத் தாண்டி ஓடுவீரா என்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“படத்துக்குத்தான்னாலும் பாதை மலையிலதான தம்பி இருக்கு. நீங்க பொட்டியத் தூக்கிட்டுப் பட்டணம் போயிருவீங்க. நாளைக்கு மாட்டோட நாந்தான போகணும்?”

செயலாளர் இன்னொரு சுருள் தருவாரா என்று நீ கேட்டுப் பார்த்தாயா? கேட்டிருக்க மாட்டாய். குற்றம் சொல்வதற்கு மட்டும் மூன்று பக்கம்.

மூடுபனியை நான் ஊதி விரட்ட முடியாது. கத்தரி உன் கையில் இருக்கிறது. வெட்டு. எதை வேண்டுமானாலும் வெட்டு.

தவசி


சென்னப்பட்டணம்
பிப்ரவரி 16

மச்சானுக்கு,

செயலாளரைக் கேட்டேன். சுருள் கிடையாது என்று கையை விரித்துவிட்டார். காமிராவையும் மாசம் முடிவதற்குள் திருப்பி அனுப்பச் சொல்கிறார்.

வெட்டிவிட்டேன். மலைச்சாமி ஓடி வருகிறார். கல்லுக்கு முன்னால் வெட்டி, உன் வளையல் கை திரி தூண்டுவதை நடுவில் ஒட்டினேன். அடுத்த துண்டில் அவர் கல்லைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறார். ஒட்டு தெரியவே இல்லை. கடைசிப் பனிச் சுருளைத் தூக்கிப்போட்டேன். நான் முன்பு எழுதியபடியே கால், கால், முகம், அரிவாள் என்று துண்டுகள் குறுகிக்கொண்டே போகின்றன. பாடப் புத்தகம்போல் சுத்தமாக இருக்கிறது.

விடுதிப் பையன்கள் எட்டுப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். முன் வரிசையில் ஒருவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். படம் முடிகிறவரை உரித்தான். ஒரு தடவைகூட அவன் கை நிற்கவில்லை. முடிந்ததும், நல்லா ஓடுறாங்க என்றான்.

என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருவன் ஓடுகிறான், ஒருவன் துரத்துகிறான். யார் யாரைப் பிடித்தால் நமக்கென்ன என்பதுபோல் இருக்கிறது. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அங்கே எடுக்கும்போது நீ ஏதாவது பார்த்திருந்தால் எழுது.

சுருளிவேல்


போடிநாயக்கனூர்
பிப்ரவரி 20

மாப்ளே,

கோபம்தான். இடுப்பில் கயிறு கட்டித் தொங்கி எடுத்ததை நீ கத்தரித்துப்போட்டு, பாடப் புத்தகம் என்று வேறு எழுதுகிறாய். இரண்டு நாள் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்றுக் கிட்டங்கியில் மொக்கச்சாமியிடம் உன் வேர்க்கடலைக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் தராசைக் கீழே வைத்துவிட்டார். மலைச்சாமியை எடுத்த அன்று அவர் அடுத்த வளைவில் தம் முறைக்காகக் காத்திருந்தாராம். அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அருவாளோட ஓடியாந்தப்ப எனக்குப் பயமில்ல தம்பி. வெளையாட்டுன்னு தெரியும்ல. செருப்பக் கழட்டிட்டுக் கண்ணை மூடி நின்னாம் பாருங்க, அப்பத்தான் எனக்குக் குலை நடுங்கிருச்சு. இவன் நெசமாவே வெட்டப் போறான்னு தோணிருச்சு.”

சாயங்காலம் மலைச்சாமி மாடுகளோடு வந்தார். அன்றைக்குத் தழை போட்டபோது என்ன வேண்டிக்கொண்டீர் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“என்னத்தக் கேக்குறது? எப்பவும் கேக்குறதுதான். நெனச்சுப் போறது நடக்கணும்னு கேட்டேன்.”

அவர் மாட்டையும் மூட்டையையும்தான் நினைத்திருப்பார். ஆனால் கையில் அரிவாள் இருந்தது மாப்ளே. மொக்கச்சாமியும் அதே கல்லில்தானே தழை போட்டார்?

இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. காமிராவை நாளை அனுப்புகிறேன்.

தவசி


சென்னப்பட்டணம்
பிப்ரவரி 25

மச்சான்,

உன் கடுதாசி வந்ததும் வகுப்பை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். வெட்டிப்போட்ட துண்டுகள் குப்பைக் கூடையில்தான் இருந்தன. நல்ல வேளை, கூட்டுகிறவர் அந்தக் கூடையை இன்னும் கொட்டவில்லை.

இப்போது ஒட்டியிருக்கிற வரிசையைச் சொல்கிறேன். மொக்கச்சாமி தழை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். கல்லும் தழையும் மட்டும் கொஞ்ச நேரம். மலைச்சாமி வருகிறார், நிற்கிறார், அதே குவியலில், மொக்கச்சாமி போட்ட தழைக்குமேல் தம் தழையைப் போடுகிறார். இந்த இடத்தில் ஒரு துண்டுகூடக் குறைக்கவில்லை. செருப்பு வார் சிக்குவதுவரை முழுசாக விட்டிருக்கிறேன். நீ ஆட்டிய ஆட்டமும் அப்படியே இருக்கிறது. பட்டணத்தாருக்காக ஒரே ஒரு எழுத்து அட்டை: ‘இந்தக் கல்லைத் தாண்டுகிறவர்கள் ஒரு தழை போட்டு, நினைத்தது நடக்க வேண்டிக்கொள்வார்கள்.’

அதற்குப் பிறகு நான் தூக்கிப்போட்ட மூடுபனி. வெறும் வெள்ளை. அதற்குப் பிறகு தாழ்ப்பாளில் வளையல் கை. கதவு திறக்கிறது. வந்தவன் யார் என்று காட்டவில்லை. முடிந்தது.

இரண்டு பேரும் ஒரே சாமியிடம் கேட்டிருக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கும்? எனக்கே தெரியவில்லை மச்சான். ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதையே நினைத்துப் பசையைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

சுருளிவேல்


சென்னப்பட்டணம்
மார்ச் 11

மச்சானுக்கு,

நேற்று ஆண்டு விழா. மாமாவுக்குக் காய்ச்சல் என்று நீ வராமல் போனது எனக்குப் பெரிய குறை. மலைச்சாமி செருப்பைக் கழற்றியபோது பின் வரிசையில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். கண்ணை மூடியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வேர்க்கடலைக்காரன் எனக்கு முன்னால்தான் இருந்தான். பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு அவனும் உட்கார்ந்திருந்தான். படத்தில் கதவு திறந்து, கூடத்தில் விளக்குப் போட்டதும் எங்கும் ஒரே இரைச்சல். வந்தது புருஷன்தான் என்று பாதிப் பேர், இல்லை என்று பாதிப் பேர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, படம் பிடித்தது யார், வெட்டி ஒட்டியது யார் என்று கேட்டார். சொன்னேன். மூடுபனியில் எடுக்கத் துணிந்தவன் எங்கே என்றார்; ஊரில் இருக்கிறான் என்றேன். அப்புறம் அவர் சொன்னதை எழுதத்தான் காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்தேன். இடம் ஒன்றுதானாம். காமிரா, கத்தரி இரண்டையும் பழகுகிற இடம். நம் இரண்டு பேரில் யார் என்று அவரால் சொல்ல முடியவில்லையாம். மார்ச் 19, திங்கட்கிழமை காலை இருவரும் ஸ்டூடியோவுக்கு வர வேண்டும். வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு ஒருவனை வைத்துக்கொள்வார்.

அந்த இடம் தவசிக்கு என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். நீ அதற்காக என்ன பாடுபட்டாய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வாய் வரவில்லை. பயத்தால் இல்லை. எனக்கும் அது வேண்டும் மச்சான். ஜனவரியில் உனக்கு யோசனை எழுதியபோது இந்த ஆசை இல்லை. குப்பைக் கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டினேனே, அன்றிலிருந்து வேறு எதிலும் மனசு செல்லவில்லை. எனக்குக் கிட்டங்கி மிரட்டல் இல்லை. எங்கள் வீட்டில் வக்கீலுக்குப் படிக்கவைப்பார்கள். அதை நினைக்கும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டும்.

நீ வா. கட்டாயம் வா.

சுருளிவேல்


போடிநாயக்கனூர்
மார்ச் 15

மாப்ளே,

உன் கடுதாசி வந்ததும் ஒரு பொழுது முழுக்க உன்னைத் திட்டினேன். ஆத்தாவிடம் திட்டினேன், மொக்கச்சாமியிடம் திட்டினேன். கடைசியில் மலைச்சாமியிடமும் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாட்டை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

அய்யாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் கடுதாசியை அவருக்குப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை மதுரை பஸ்சில் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எடம் கெடைக்கலேன்னா வெரசா வந்துரு, சோலி கெடக்கு என்றார்.

இன்று காலை தழைச்சாமிக் கல்லுக்கு நடந்து போனேன். எனக்கு ஒரு கொத்து ஒடித்துப் போட்டேன். சொந்தக்காரனாயிற்றே என்று உனக்கும் ஒரு கொத்து ஒடித்தேன். போடப் போன கை நின்றுவிட்டது. உன் தழையை நான் போட்டால் உனக்காக நான் கேட்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை மாப்ளே. மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீ எனக்கு விட்டுக்கொடுத்திருந்தால் உன் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். திங்கட்கிழமையும் அப்படித்தான். வாசலில் என்னைப் பார்த்து நீ பின்வாங்கினால், அப்படியே எழும்பூருக்குத் திரும்பி நடப்பேன். உனக்குக் கிடைத்தால் உன்மேல் கொஞ்ச நாள் கோபமாக இருப்பேன். அப்புறம் தீபாவளிக்கு நீ ஊருக்கு வரும்போது சரியாகிவிடும். எனக்குக் கிடைத்தால் நீயும் அப்படியே இரு.

உன் கொத்தைக் கீழே போடாமல் ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஸ்டூடியோ வாசலில் உன் கையில் தருகிறேன். அங்கேயே ஒரு கல்லைப் பார்த்து நீயே போட்டுக்கொள். மலைச்சாமி கேட்டதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். நீயும் அதையே கேள்.

தவசி